முத்திரை இல்லாத படிவம்

மஸ்கெலியா பஜாரில் எனக்கு ஒரு சின்னக் கொமினிகேஷன் இருக்கிறது. ஒரு ஃபோட்டோ கொப்பி மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ரீலோட், லெமினேட், அவ்வளவுதான். சிவனொளிபாத மலை சீசனில் நல்லதண்ணிக்குப் போகிறவர்கள் இறங்கி ரீலோட் போடுவார்கள். மற்ற மாதங்களில் தோட்டத்துச் சனங்கள்தான் என் வியாபாரம். படிவம் நிரப்பித் தருவது, கடிதம் எழுதித் தருவது, வந்த கடிதத்தை வாசித்துச் சொல்வது.

2023 ஜூலையில் நான் 4,200 ரூபாய் சம்பாதித்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது நல்ல காசு இல்லை.

அஸ்வெசும என்ற அரச நிவாரணக் கொடுப்பனவின் பட்டியல் வெளியாகி, பேர் விடுபட்டவர்கள் மேன்முறையீடு செய்ய அலைந்துகொண்டிருந்த நேரம். கடையில் நிற்க இடமில்லை. அப்போது வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் 50,000 ரூபாயாம். வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பிக்க வேண்டுமாம். கூடவே இரண்டு பக்கப் படிவம், மேலே மங்கலாக அரச இலச்சினை. புதன்கிழமை காலையில் ஒருவர் அதை ஃபோனில் கொண்டுவந்தார். பக்கத்துக்கு 15 ரூபாய். வியாழன் மத்தியானத்துக்குள் 140 படிவம் அடித்துவிட்டேன்.

எங்கள் அம்மா 35 வருடம் கொழுந்து எடுத்தவர். இப்போது கடையின் பின்பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். படிப்பு மூன்றாம் வகுப்பு. அவர் ஒரு படிவத்தை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"யாரு புள்ள இதுல கையெழுத்து போட்டிருக்கா?"

"இது வெறும் படிவம்மா. நிரப்பிக் குடுத்த பிறகுதான் கையெழுத்து, சீல் எல்லாம்."

"சரி, யாருகிட்ட குடுக்கணும்?"

எரிச்சலோடு வாங்கிப் பார்த்தேன். எங்கே கொடுப்பது என்று படிவத்தில் எங்குமே இல்லை. எந்தத் திணைக்களம், எந்தச் சுற்றறிக்கை, என்ன திகதி, ஒன்றும் இல்லை. 140 தடவை என் கையால் எடுத்து ஸ்டேப்ளர் அடித்திருக்கிறேன். ஒரு தடவை கூட வாசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தப் படிவத்தோடு பிரதேச செயலகத்துக்குப் போனவர்கள் அன்றைய பேரையும், அதாவது நாள் சம்பளத்தையும், இழந்து பஸ் காசையும் இழந்து திரும்பினார்கள். 11 பேர் வந்து காசைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தேன். மற்றவர்கள் கேட்கவில்லை, நானும் தேடிப்போய்க் கொடுக்கவில்லை. அந்தக் காசில்தான் மெஷினுக்கு டோனர் வாங்கினேன்.

அம்மாவுக்குக் கையெழுத்தும் முத்திரையும் எங்கிருந்து பழகின என்பது எனக்குத் தெரியும். எங்கள் அப்பாயியின் ட்ரங்குப் பெட்டியில் சேலையை விடக் காகிதம்தான் அதிகம். 1947 தேர்தலில் எங்கள் தோட்டத்துச் சனங்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களில் வென்றது. எங்கள் மஸ்கெலியாவும் அதில் ஒன்று, தலவாக்கலையில் வென்றவர் கவிஞர் சி.வி.வேலுப்பிள்ளை. தாத்தா அந்தத் தேர்தலில் வாக்குப் போட்டவர். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. உன் அப்பா இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்றார்கள். பிறப்புப் பதிவே இல்லாத லயத்தில் அத்தாட்சிக்கு எங்கே போவது? 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி வாக்கைப் பிடுங்கினார்கள். 1952 தேர்தலில் அந்த 7 ஆசனங்களில் ஒன்று கூட எங்களுக்கு இல்லை. ஏறக்குறைய 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள்.

இதை நான் அடிக்கடி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தச் சட்டங்களைத் துப்பாக்கி வைத்து யாரும் கொண்டுவரவில்லை. தேர்தலில் வந்த நாடாளுமன்றம், கையை உயர்த்தி, எண்ணிப் பார்த்து, முறைப்படி நிறைவேற்றியது. வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரைக்கும் போய் 1953இல் தோற்றது. மக்கள் சொன்னால் சரிதான் என்று யாராவது மைக்கில் சொல்லும்போது, மக்கள் என்றால் யார் யார் என்ற பட்டியலைப் போட்டது யார் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

அப்புறம் 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று கொழுந்தை நிறுத்துப் பிரிக்கிற மாதிரிப் பிரித்தார்கள். இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தால் காணி கிடைக்கும், வீடு கிடைக்கும் என்று லயத்தில் ஒரு பேச்சு ஓடியதாம். அந்தப் பேச்சை நம்பித்தான் பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அவர் ஏறின கோச்சி ஹட்டன் ஸ்டேஷனை விட்டுப் போனதை அம்மா இப்போதும் சொல்லுவார். கூடலூரில் பெரியப்பாவுக்குக் கிடைத்ததும் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலைதான். தாத்தா இங்கேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, அதற்கான முத்திரைக்காக வருடக்கணக்கில் காத்திருந்தார். அம்மா முதன்முதலாக வாக்குப் போட்டது 1989இல், 34 வயதில். அப்படிப்பட்டவருக்கு ஒரு காகிதத்தைப் பார்த்ததும் கண் முத்திரையைத்தானே தேடும்.

படித்த பிள்ளைகள் மூளையைப் பாவிப்பார்கள், தோட்டத்துச் சனங்கள் வட்ஸ்அப்பை நம்புவார்கள் என்று ஹட்டனில் ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசினார். விமர்சனச் சிந்தனை என்று கரும்பலகையில் பெரிதாக எழுதிவிட்டுத்தான் பேசினார். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் உயர்தரம் வரை படித்தவள்.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் ஹோட்டலில் சாப்பாட்டுக்குள் மலட்டு மாத்திரை கலந்தார்கள் என்று ஒரு வீடியோ வந்ததே, அது எனக்கும் வந்தது. நான் யாருக்கும் அனுப்பவில்லை என்பதை இன்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் என் கடைக்கு இரண்டு கடை தள்ளி முஸ்லிம் நானா ஒருவரின் ஹோட்டல். கிழமைக்கு இரண்டு நாளாவது அங்கே கொத்து வாங்குவேன். அந்த இரண்டு கிழமையும் வாங்கவில்லை. நம்பினேனா என்று கேட்டால் இல்லை என்பேன். ஆனால் வாங்கவில்லை. நானா ஒரு நாள் கடை வாசலில் நின்று, "என்ன தங்கச்சி, வயிறு சரியில்லையா?" என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே அவருக்கு எல்லாம் தெரியும் என்று தெரிந்தது. ஆமாம் நானா, கேஸ்ட்ரைட்டிஸ் என்று பொய் சொன்னேன்.

அப்படி ஒரு மாத்திரையே உலகத்தில் இல்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்து அது மாவுக் கட்டி என்றார். அந்த அறிக்கை வருவதற்குள் மார்ச் மாதம் பிறந்து, கண்டிப் பக்கம் திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்துவிட்டன. அங்கே அதற்கு வேறொரு காரணம் சொன்னார்கள், ஒரு லொறிச் சாரதி அடிபட்டு இறந்துபோனது. ஆனால் காய்ந்த மானாப் புல்லுக்கு எந்த நெருப்புக்குச்சி என்றால் என்ன? அவசரகாலச் சட்டம் போட்டு, பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கினார்கள். அந்தக் கிழமை என் கடையில் டேட்டா ரீலோட் விழவே இல்லை. 2020இல் பேஸ்புக் நிறுவனம் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. நான் நானாவிடம் இன்னும் கேட்கவில்லை. மறுபடி கொத்து வாங்க ஆரம்பித்தேன், அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

(இதில் ஒரு கூத்தும் உண்டு. கடும் வெயிலில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றினால், தண்ணீரில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும். உடனே நாட்டுக்குப் பெரிய அழிவு வரப்போகிறது என்று ஒரு செய்தி சுற்றும். அதைக் கொப்பி எடுத்துக் கோயிலில் ஒட்டவும் ஆள் வருவார்கள்.)

இப்போதெல்லாம் 'உடனே' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம். அந்தப் படிவத்தில் வெள்ளிக்கிழமைக்குள் என்று போட்டிருந்தார்கள். கையெழுத்தைத் தேட நேரம் கொடுக்காத வேலைதான் அது. பத்திரிகைகளில் ஜனரஞ்சக அரசியல் என்று எழுதுவதை வாசிக்கும்போதும் எனக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் ஞாபகம் வரும். 1956இல் 24 மணித்தியாலத்தில் சிங்களம் மட்டும் அரச மொழி என்று ஒருவர் சொல்லி வென்றார். அந்த ஒரு நாளுக்கு இந்த நாடு எத்தனை வருடம் விலை கொடுத்தது! 2021 ஏப்ரலில் இன்னொருவர், இனி இரசாயன உரமே வேண்டாம், நாடு முழுக்க சேதனப் பசளை என்றார். நஞ்சில்லாத சோறு என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? எனக்கும் நல்லதாகத்தான் பட்டது. இருக்கிற சேதனப் பசளை எத்தனை ஏக்கருக்குப் போதும் என்று கேட்டவர்கள் உரக் கம்பனிகளின் ஆட்கள் ஆக்கப்பட்டார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விவசாயப் பேராசிரியர் புத்தி மாரம்பே எதிர்த்துப் பேசியதும், விவசாய அமைச்சில் அவர் வகித்த பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். 69 லட்சம் பேர் வாக்களித்த ஜனாதிபதியை ஒரு பேராசிரியர் கேள்வி கேட்பதா என்று என் கடையிலேயே ஒருவர் மேசையைத் தட்டினார்.

தேயிலைச் செடிக்கு 69 லட்சம் தெரியாது. நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் மலை முழுக்க மஞ்சள் பிடித்துவிட்டது. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. உர விலையும் டொலர் தட்டுப்பாடும் அதில் சேர்த்தி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மலையில் அது எப்படித் தெரிந்தது என்றால், கொழுந்து இல்லாத மலையில் கிலோ சேராமல் பெண்களுக்கு அரைப்பேர் விழுந்தது. மேசையைத் தட்டியவரின் மனைவிக்கும்தான்.

சரி, மற்றவர்களைச் சொன்னது போதும். எங்கள் தொழிற்சங்க மேடைக்கு வருகிறேன்.

2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் தோட்டத் தொழிலாளர் சம்பளம் நாளுக்கு 1,700 ரூபாய் என்று ஜனாதிபதி அறிவித்தார். பட்டாசு சத்தம் அடங்கவே நேரமாகியது. கம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. செப்டெம்பரில் ஒருவழியாக வந்த வர்த்தமானியில் அடிப்படைச் சம்பளம் 1,350. அதற்கு முன்னால் 1,000 ரூபாய்க்கும் இதே கதைதான். வருடக்கணக்காக மேடையில் இருந்து, 2021 மார்ச்சில் வர்த்தமானிக்கு வந்தது. வந்ததும் பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள்.

அந்த மே மாதம் அம்மாவிடம் நான் கேட்டேன், கொஞ்சம் குத்தலாகத்தான்: "140 படிவத்துல சீல் எங்கேன்னு கேட்டீங்களே. 1,700க்கு யாரு கையெழுத்து போட்டது, யாரு குடுக்கப்போறதுன்னு தலைவர்கிட்ட கேட்டீங்களா?"

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"படிவத்த கேட்டா படிவம் கோவிச்சுக்காது புள்ள. தலைவர கேட்டா அடுத்த மழைக்கு நம்ம லயத்துக்குத் தகரம் வருமா?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. கேள்வி கேட்கத் தெரியவில்லை என்று நாங்கள் யாரையாவது சொல்லும்போது, கேட்டால் அவர்களுக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் பார்ப்பதே இல்லை. எனக்குக் கடை இருக்கிறது, வாடகை கட்டுகிறேன், நான் யாரையும் கேட்கலாம். லயத்துக் காம்பரா கம்பனியுடையது. தகரம் யாரோ பார்த்துக் கொடுப்பது. கோயிலுக்குக் கதிரை, பிள்ளைக்கு ஒரு சிபாரிசுக் கடிதம், செத்தவர் வீட்டுக்குக் கூடாரம் எல்லாமே யாரோ ஒருவர் மனசு வைத்தால்தான். இவ்வளவு ஏன், எத்தனையோ லயங்களுக்குச் சொந்த விலாசம் கூட இல்லை. கடிதம் தோட்டத்து ஒபிசுக்குத்தான் வரும். அங்கேயிருந்து யார் கையிலாவது கொடுத்துவிடுவார்கள், வந்தால் வரும். கெம்பஸ் கடிதம் நாள் கடந்து வந்து அழுத பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் இப்போது நாற்பதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் என் கடை விலாசத்தைக் கொடுக்கின்றன. தபால்காரர் என்னைப் பார்த்து, நீங்களே ஒரு உப தபாலகம் திறந்துவிடுங்கள் என்பார்.

அப்படி என் விலாசத்தைக் கேட்டு வந்தவன்தான் அந்தத் தம்பி. இருபத்து மூன்று வயது. கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்துவிட்டு வந்தவன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறான். அவன் லயத்துக்குப் போகும் கொங்கிரீட் பாதைக்கு எவ்வளவு காசு ஒதுக்கினார்கள், எத்தனை மீட்டர் போட்டதாகக் கணக்கு என்று கேட்க வேண்டும். நான் டைப் பண்ணிக் கொடுத்தேன். 14 வேலை நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். 14 அல்ல, இரண்டரை மாதம் கழித்து வந்தது. தமிழில் கேட்டதற்குச் சிங்களத்தில் பதில். நானாதான் வாசித்துச் சொன்னார்.

பதிலில் 120 மீட்டர் என்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனும் இன்னும் இரண்டு பையன்களும் நைலோன் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு போய் அளந்தார்கள். 84 மீட்டர்.

வேலையை எடுத்துச் செய்தவர் வெளியாள் இல்லை, எங்கள் ஆள். கோயில் திருவிழாவில் முதல் மாலை வாங்குகிறவர். செய்தி பரவினதும் லயத்தில் கோபம் வந்தது. பாதை மேல் இல்லை, பையன் மேல். நம்ம ஆளை நாமே காட்டிக்கொடுப்பதா, இதைக் கேட்டால் மற்றவன் சிரிக்க மாட்டானா, பாதை இல்லாமல் இருந்ததற்கு 84 மீட்டராவது கிடைத்ததே என்றெல்லாம் சொன்னார்கள். அவன் அம்மாவைக் கோயில் கமிட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். துரைமார் காலத்தில் தோட்ட நிர்வாகத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த பரம்பரை இது. எதிரியைக் கேள்வி கேட்க எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்மவர் என்று வந்துவிட்டால் நாக்கு உள்ளே போய்விடுகிறது. சிங்களச் சனங்களும் உர விஷயத்தில் இதைத்தானே செய்தார்கள் என்று அவர்களைப் பார்த்துச் சொல்ல எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது.

2024 நவம்பரில் 159 ஆசனங்களோடு புதிய ஆட்சி வந்ததும் அந்தத் தம்பிக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது. பழைய ஆட்களைப் பற்றித்தானே கேட்டான் என்று முதுகில் தட்டினார்கள். இரண்டு மாதம்தான். புதியவர்களின் வேலையைப் பற்றியும் ஒரு விண்ணப்பம் போட்டான். உனக்கு வேறு வேலை இல்லையா என்று இப்போது அவர்களும் கேட்கிறார்கள். பாதையின் மிச்சம் 36 மீட்டர் இன்னும் சேறுதான்.

நான் என் பக்கத்தில் செய்தது ஒன்றே ஒன்று. கடையில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன்: வழங்கும் அலுவலகத்தின் பெயர், திகதி இல்லாத படிவங்கள் கொப்பி எடுக்கப்பட மாட்டாது. இதனால் எதிர்க் கடைக்காரருக்கு நல்ல வியாபாரம். எனக்கு மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் குறைகிறது. சில சமயம் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடலாமா என்றும் யோசிப்பதுண்டு, பொய் சொல்வானேன்.

போன கிழமை அந்தத் தம்பி மறுபடி வந்தான். இந்தத் தடவை தராசு. மலையில் கொழுந்து நிறுக்கிற தராசுக்குக் கடைசியாக எப்போது முத்திரை குத்தினார்கள் என்று அளவீட்டு அலகுகள் திணைக்களத்திடம் கேட்க வேண்டுமாம். கடைத் தராசு மாதிரி அதற்கும் வருடந்தோறும் முத்திரை வேண்டும் அல்லவா என்றான். நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஸ்டூலிலிருந்து அம்மா எழுந்து வந்தார்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் அம்மா போட்ட சண்டை தோட்டத்தில் பிரசித்தம். ஈரத்துக்கு என்றும் சாக்குக்கு என்றும் கணக்கப்பிள்ளை கிலோ கழித்தால், இன்றைக்கு வெயில்தானே, எங்கே ஈரம் என்று சாக்கைக் கொட்டிக் காட்டுவார். மற்றப் பெண்களுக்காகவும் வாதாடுவார்.

"தராசுலயா தம்பி? தராசுல சீல் குத்துவாங்களா?"

"குத்தணும் அம்மா. சின்னதா ஈயத்துல இருக்கும், இல்லாட்டி ஒரு ஸ்டிக்கர்."

"எந்தப் பக்கம்?"

அவன் ஃபோனில் ஒரு படத்தைத் தேடிக் காட்டினான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார்.

"முப்பத்தஞ்சு வருசம்," என்றார். "ஒரு நாளைக்கு மூணு தடவ அது முன்னால நின்னுருக்கேன்."

பிறகு என் பக்கம் திரும்பி, விலாசம் நம்ம கடையைத்தானே போட்டாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். தம்பியிடம் கொப்பிக்குக் காசு வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்டூலுக்குப் போய்விட்டார்.